பல்பைக் கழற்றினால் பிரேக் பிடிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் 35 வருடமாகக் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 2009-இல் பதிவான ஒரு சின்ன கார் இருக்கிறது. அப்போது கூடுதலாகப் பணம் கட்டியதால் ஏ.பி.எஸ். வைத்த வண்டி கிடைத்தது. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. புதிய கார் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு வந்த ஏ.பி.எஸ். வண்டிகளில் பலவும் வயதாகி, இரண்டு மூன்று கை மாறி, நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் வண்டிக்கு வந்த பிரேக் கோளாறு அவற்றுக்கும் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பு, ஒரு சாயங்காலம் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல் கன்டெய்னர் லாரி வரிசை. ரோடு காய்ந்து கிடந்தது. ஊர்ந்து போய் நிற்கும் நேரத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, வண்டி நிற்காமல் இரண்டு அடி முன்னே நழுவியது. டிரெய்லரின் பின்பக்க இரும்புக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி, “என்னங்க, பிரேக்கை விட்டுட்டீங்களா?” என்றார். விடவே இல்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றினார்கள், டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்தார்கள். 4,800 ரூபாய். உதறல் அப்படியே இருந்தது. இரண்டு வாரத்தில் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கும் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. இரண்டாவது இடத்தில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏ.பி.எஸ். யூனிட் போயிடுச்சு சார், 38,000 ஆகும். இல்லைன்னா அந்த பல்பைக் கழற்றிடலாம், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது” என்றார்கள். வயரிங்கில் காலம் தள்ளியவனுக்கு இதைக் கேட்டதும் ரத்தம் கொதித்தது. அலாரம் அடிக்கிறது என்றால் அலாரத்தையா கழற்றுவது? சரி என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எந்த வேகத்தில் உதறுகிறது? 80-இல் போய் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். நிற்கப்போகும் நேரத்தில், 10, 15 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் காய்ந்த ரோட்டில் பெடல் உதறினால் முதலில் பார்க்க வேண்டியது ஏ.பி.எஸ். பக்கம். பெடல் மெதுவாக அடிவரைக்கும் இறங்கினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் குழாயில் புகுந்த காற்று, கல் மாதிரி இறுகினால் நம் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் அல்லது அதன் வேக்குவம் குழாய். இவை வேறு கதை.

ஞாயிறு காலை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிடங்குச் சாலையில் ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். உதறல் சுத்தமாக இல்லை. உடனே ஃபியூஸைத் திரும்பச் செருகினேன். அது இல்லாமல் வேகமாகப் போய்ப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும், ஆகவே இதை யாரும் போக்குவரத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம் வியாசர்பாடியில் ஒரு சின்னக் கடை. பையனுக்கு 25 வயது இருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலானவை இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும், ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரோடு பேசாது. இவனிடம் இருந்தது பேசுகிற ஸ்கேனர். நான் ஓட்டினேன், அவன் மடியில் அதை வைத்துக்கொண்டு நான்கு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தான். 20, 18, 15 என்று நான்கும் சேர்ந்தே இறங்கின. “சார், லெஃப்ட் ஃப்ரண்ட் பாருங்க, விழுது” என்றான். மற்ற மூன்றும் 12 காட்ட, அது மட்டும் 4-க்கு விழுந்து மறுபடி எழுந்தது.

சக்கரத்தைக் கழற்றினோம். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் முனையில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. என் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன்: இடது 1.1 கிலோ ஓம், வலது 1.1. சென்சார் நன்றாகவே இருந்தது. (பழைய காயில் வகை சென்சாருக்குத்தான் இந்த ஓம் கணக்கு. புதிய வகையில் மீட்டரை இப்படி வைக்கக் கூடாது.) பையன் டார்ச் அடித்துக்கொண்டே ஆக்ஸிலை மெல்லச் சுற்றினான். சென்சாருக்கு எதிரே சுழலும் பல் வைத்த ரிங்குக்கு அடியில் துரு பொங்கி, ரிங்கை வெளியே தள்ளி, ஒரு இடத்தில் மயிரிழை மாதிரி வெடிக்க வைத்திருந்தது. அந்த வெடிப்பு வரும்போதெல்லாம் சென்சார் எண்ணும் பல் கணக்கு தப்பும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் நினைத்து, அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்திவிடும். அந்த இரண்டு அடி நழுவல் இதனால்தான். சக்கரம் நிஜமாகவே பூட்டிக்கொள்கிறது என்று அது நம்பியதால்தான் முதல் இரண்டு வாரம் விளக்குகூட எரியவில்லை.

ரிங் 450 ரூபாய், கூலி 1,200, ஸ்கேனர் பார்க்க 500. தொட்ட கையோடு பிரேக் ஆயிலையும் மாற்றினோம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூட்டில் சீக்கிரம் கொதித்துப் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், நான் ஆறு வருடமாக மாற்றவில்லை. அது என் தப்பு.

எங்கள் பக்கம் துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உரியும் கடல் காற்று. காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டே போகின்றன. மழை வந்தால் சுரங்கப்பாதைத் தண்ணீரில் சக்கரம் மூழ்க ஓட்டுகிறோம். அந்த ரிங் தாக்குப்பிடித்ததே அதிகம்.

இன்னொன்று. மழையில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் உதறினால் அது கோளாறு இல்லை, ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது, காலை எடுக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், நிதானமாகக் கடைக்குப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரம் கட்டுங்கள்.

15 வருடம் முடிந்த கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பில் கை வைத்திருக்கலாம். பழைய கார் வாங்குபவர்களும் இதைப் பார்க்கலாம், காசு செலவில்லை.

எதிர்வீட்டுத் தம்பி போன மாதம் மாதவரத்தில் ஒரு 2011 மாடல் வாங்கி வந்தான். ஆசையாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். சாவியைத் திருப்பினேன். ஆயில், பேட்டரி, ஹேண்ட்பிரேக், ஏர்பேக் எல்லாம் எரிந்தன. ஏ.பி.எஸ். எரியவில்லை. வரும் ஞாயிறு டாஷ்போர்டு மீட்டரைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.