வாயைத் தொடச்சி விட்டா போதுமாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வார இணைப்புல 'அம்மாக்கள் கவனத்துக்கு' பகுதியில வந்த அந்த வரி, எதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சாப்பிட்டதும் அம்மா ஒழுங்கா வாயைத் தொடச்சி விட்டாலே குழந்தைக்கு வாயைச் சுத்திப் பொரி வராதாம், வந்தாலும் பக்கத்து மெடிக்கல்ல ஒரு க்ரீம் வாங்கித் தடவினா போதுமாம். ரொம்ப நன்றிங்க.

என் பொண்ணுக்கு 4 வயசு. போன வருஷம் ஆடியில உதட்டுக்குக் கீழ ரெண்டு மூணு பொரி வந்துச்சு. நானும் தொடச்சேன்யா, தோல் செவக்கற வரைக்கும் தொடச்சேன். மாமியார் முதல்ல எச்சில் பட்டதுன்னாங்க, அப்புறம் அக்கின்னாங்க, சரின்னு அக்கி எழுதற வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அவரு காவி குழைச்சு எழுதி விட்டுட்டு, "இது அக்கி மாதிரி தெரியலையே தாயி, டாக்டர்கிட்ட காட்டு"ன்னாரு. அந்த நேர்மை மெடிக்கல்காரர்கிட்ட இல்ல. செல்போன்ல போட்டோவைப் பாத்தாரு, ட்யூபை எடுத்து நீட்டிட்டாரு.

ரெண்டே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. நிறுத்தினா திரும்ப வந்துச்சு, முன்னைவிட அதிகமா, மூக்கோரம் ஏறி அப்புறம் கண்ணைச் சுத்தியும். திரும்பத் தடவினோம். இப்படியே 3 மாசம், 5 ட்யூப். பால்வாடி டீச்சர் வேற, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இது ஒட்டவே ஒட்டாதாம், இதையாவது நீங்க எழுதியிருக்கலாம்.

கடைசியில தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பாத்துட்டு, இதுல இருக்கறது பீட்டாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, இதாம்மா இப்ப வியாதியேன்னாரு. உதட்டை ஒட்டி நூல் அளவுக்குத் தோல் சுத்தமா இருக்கு, அதுக்கு வெளியதான் பொரி, அதான் 'பெரிஓரல் டெர்மடைட்டிஸ்'ங்கற, வாயைச் சுத்தி வர்ற இந்தத் தோல் வியாதிக்கு அடையாளமாம். வீசிங்குக்கு மாஸ்க் வெச்சு ஸ்டீராய்டு இழுக்கற பிள்ளைங்களுக்கும் வருமாம், மாஸ்க்கை எடுத்ததும் முகம் கழுவி விடணுமாம். க்ரீமை நிறுத்தினா முதல்ல இன்னும் பொங்கும், பயந்து திரும்பத் தடவிடாதீங்கன்னாரு. 10 நாள் பொங்குச்சுங்க, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போகல. பெரியவங்களுக்குத் தர்ற டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 8 வயசுக்குள்ள தந்தா பல்லுல கறை விழலாம்னு மெட்ரோனிடசோல் ஜெல் மட்டும் தந்தாரு. குணமாக 2 மாசம் ஆச்சு.

2018லயே இந்த ஸ்டீராய்டு க்ரீமையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு ஷெட்யூல் ஹெச்ல கொண்டு வந்தாச்சு. பத்திரிகை நடத்தறவங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? அந்த வரிக்குப் பக்கத்துலயே அரைப் பக்கத்துக்கு செவப்பழகு க்ரீம் விளம்பரம். அது எப்படின்னு கேக்க நான் யாரு. அப்புறம் ஏன் எப்பவும் 'அம்மாக்கள் கவனத்துக்கு'? அந்த 5 ட்யூப்ல 3 அவங்கப்பா வாங்கிட்டு வந்தது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல, சீட்டு இல்லாம குழந்தை முகத்துல எந்த க்ரீமும் தடவாதீங்கன்னு போடுங்க. உங்க கட்டிங்கை மாமியார் பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. அதுக்கு மேல ஒட்டணும், சின்னதாப் போட்டா அடியில இருக்கறது தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பேர் வேணாம், மெடிக்கல் எங்க தெருவுலதான் இருக்கு)
தேனி மாவட்டம்