மேற்கே கண்ணாடி வேண்டாம், அம்மா

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீட்டுப் பிளான் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்னிலிருந்து திரும்பி வந்து நம் மனையில் வீடு கட்டப் போகிறீர்கள் என்றதும் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிளானைப் பெரிதாக அச்செடுத்துச் சாமி மேடையில் வைத்திருக்கிறாள். நடுவில் முற்றம் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கூடத்தின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறாயே, அது வேண்டாம் அம்மா.

மெல்பர்னில் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கமாகத்தான் போகும். குளிர்கால வெயில் உள்ளே வரட்டும் என்று வடக்கே பெரிய கண்ணாடி வைக்கிறார்கள். அங்கே அது நியாயம். நம் ஊரோ பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கிறது. சூரியன் ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வடக்கிலும் தெற்கிலும் கூரையை நாலடி வெளியே நீட்டிவிட்டால், ஜூன் மாத உச்சிவெயிலில்கூட வடக்குப் பக்கத்துப் பத்தடிச் சுவர் முழுக்க நிழலில் இருக்கும். மேற்கே அது பலிக்காது. சாயங்கால வெயில் தாழ்வாக வந்து கூரைக்கு அடியில் நுழைந்துவிடும். அதிலும் 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு உச்சிப்பொழுதே ஒன்றேகால் மணிக்குத்தான். ஐந்து மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்காரும் நேரத்தில் வெயில் முகத்தில் அடிக்கும்.

குளியலறை, ஸ்டோர், மாடிப்படி இவற்றை மேற்கே கொண்டுபோய் வை. குளியலறை ஈரமும் அன்றன்றைக்கே காய்ந்துவிடும். கூடத்தைக் கிழக்கே திருப்பு. காலை வெயில் இதமானது, தித்திவங்சா மலையும் அந்தப் பக்கம்தான். இரவு மழை பெய்து விட்ட காலையில் அந்த மலை எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று உனக்கே தெரியும்.

இதையெல்லாம் நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் லயம், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த ஒட்டு வீடுகள். பாட்டி இருந்த லயத்து வீட்டுக்கு முன்னால் ஒரு கதவு, ஒரு ஜன்னல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். உள்ளறையில் பகலிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் கிடையாது. ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்தவர்கள் மத்தியானத்தில் உள்ளே படுக்க முடியாமல் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அதே தோட்டத்தில், அதே வெயிலில், மேட்டின்மேல் துரை பங்களா. தச்சு வேலைக்கு நான் அங்கே போவேன். தரைக்கு மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள், சுற்றிலும் அகலமான வராந்தா. சுவரின் உச்சியில் கூரையை ஒட்டி, விரல் நுழையும் இடைவெளி விட்டுச் சாய்வாக அடித்த மெல்லிய மரப்பலகைகள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியே போய்விடும், மழைச்சாரல் உள்ளே வராது. நடுப்பகலில் நுழைந்தாலும் வியர்வை அடங்கும், விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கலாம். அந்த மரப்பலகைகளை அடித்த கைகள் நம்மவர்களுடையவை. லயத்துக்கு அதைச் செய்துகொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. உன் வீட்டில் எல்லா அறையிலும் அது இருக்க வேண்டும்.

முற்றத்தில் குளம் மட்டும் வேண்டாம். தண்ணீர் ஒரு வாரம், பத்து நாள் தேங்கினாலே ஏடிஸ் கொசு வந்துவிடும். கூழாங்கல் பரப்பி, கீழே அகலமான குழாய் போடு. இங்கே மழை கொட்டுகிற வேகத்துக்குச் சின்னக் குழாய் தாங்காது.

கார் நிறுத்த நீ குறித்திருக்கும் இடத்தில்தான் பாட்டி நட்ட ரம்புத்தான் பழமரம் நிற்கிறது. அதை வெட்டாதே. மேற்கு வெயிலை மறைப்பதற்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது. காரை ரோட்டுப் பக்கம் தள்ளு. அங்கேயும் கார் கொட்டகைக்கு நீளமாகப் பள்ளம் தோண்டாமல் தனித்தனித் தூணாக நிறுத்தினால் வேர் பிழைக்கும்.

பிளானைத் திருத்தியதும் நகராண்மைக் கழகத்துக்குப் போவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு. ஜன்னல் சட்டம் மரமா, அலுமினியமா என்றும் சொல். மரம் என்றால் பட்டறையில் இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்போதுதான் நன்றாகக் காய்ந்த மரமாகக் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா