கிதாருக்கு ஆமா போடும் பெட்டி: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மாடுலர் சின்தசைசர் பட்டியலைப் பார்த்தேன், சின்னச் சின்ன மாட்யூல்களை வயரால் கோத்து ஒலி உண்டாக்கும் அந்தப் பெட்டிக்கு. தானே ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் இரண்டு, சுரங்களை வரிசையாக ஓட்டும் சீக்குவென்சர் ஒன்று, ஒரு டிரம் மாட்யூல், ஒரு ரிவெர்ப், விளக்கு மினுக்குகிற இன்னும் நாலு சாமான். எல்லாம் சரிதான். உன் கிதாரைச் செருக ஒரு ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. கிதாரோடு சேர்த்து வாசிக்க மாடுலர் சின்தசைசர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிதாரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருக்கிறாய்.

போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், அப்புறம் அதே பட்டியலை வாங்குவாய். அதனால் எழுதுகிறேன். திட்டுகிறேன் என்று நினைக்காதே, இதே முட்டாள்தனத்தை நானும் செய்தவன். முதலில் வாங்கியது ஆஸிலேட்டர்தான். ஒரு மாதம் அது ஊங் ஊங் என்று கத்திக்கொண்டே இருந்தது. நான் ஒரு பக்கம் கிதார் வாசிப்பேன், அது இன்னொரு பக்கம் தன் பாட்டுக்கு ஓடும். உன் அம்மா வந்து, "தம்பி, பம்பு செட்டை நிப்பாட்டு" என்றாள்.

நீ சின்ன வயதில் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருக்கிறாய். நடுவில் வில், மணி கட்டியது. பாட்டை எடுப்பவர் வீசுகோலால் நாணில் தட்டிக் கதை சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. அவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அவர் குரல் ஏறினால் குடத்து அடியும் ஏறும், அவர் இறங்கினால் அதுவும் இறங்கும். உன் கிதாருக்கு அப்படி ஆமா போடும் ஒரு பெட்டிதான் உனக்கு வேண்டும். கதை சொல்ல இன்னொரு ஆள் வேண்டாம். ஆஸிலேட்டர் வேலையை உன் ஆறு கம்பியும் ஏற்கெனவே செய்கின்றன.

முதல் செலவு கிதாரை உள்ளே கொண்டுபோவதற்கு. கம்பி அதிர்வைக் கரண்டாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது சாதாரணமாகக் கால் வோல்ட், அரை வோல்ட். ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் பக்கம் வரும். யூரோராக் என்ற அளவில் செய்த மாட்யூல்கள் எதிர்பார்ப்பது மேலே ஐந்து, கீழே ஐந்து, மொத்தம் 10 வோல்ட். அப்படியே செருகினால் கிணற்றுக்குள் இருந்து கூப்பிட்ட மாதிரிதான் கேட்கும். இன்னொரு தொந்தரவும் உண்டு. பல மாட்யூல்களின் உள்ளீடு 1 லட்சம் ஓம், பிக்கப்புக்குத் தேவையோ 10 லட்சம் ஓம். அந்தச் சுமையில் முதலில் போவது கம்பியின் பளபளப்பு, ஒலி மழுங்கிவிடும். ஆகவே கிதாருக்கென்று, வோல்டேஜைப் பெருக்கும் ப்ரீஆம்ப் உள்ள வெளி-உள்ளீட்டு மாட்யூல் ஒன்று வேண்டும். கைவசம் பிக்கப்பின் சுமையைக் குறைக்கும் பஃபர் உள்ள பெடலோ, டிரைவைக் குறைத்து வைத்த ஓவர்டிரைவ் பெடலோ இருந்தால் அதையும் முன்னால் போடலாம்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1978-ல் வந்த கோர்க் எம்எஸ்-20 சின்தசைசரிலேயே வெளிச் சத்தத்தை வாங்கி, அதிலிருந்து மற்ற பகுதிகளை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டு வோல்டேஜ் எடுக்க ஒரு பகுதி உண்டு. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர், ஏ-100 வரிசையைக் கொண்டுவந்தபோதுதான் இன்று நாம் யூரோராக் என்று சொல்லும் அளவுகள் நிலைத்தன. அந்த வரிசையில் ஏ-119 என்று ஒன்று இருக்கிறது: ப்ரீஆம்ப், என்வலப் ஃபாலோயர், கேட் மூன்றும் ஒரே பலகையில். அதையே வாங்கு என்று சொல்லவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற எதையாவது வாங்கு.

என்வலப் ஃபாலோயர்தான் ஆமா போடுகிறவர். அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள உனக்குப் புத்தகம் வேண்டாம். தாத்தாவின் மைக் செட் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்திருக்கிறாயே, அதில் கரண்டு உள்ளே வரும் இடத்தில் என்ன இருந்தது? டயோடு பிரிட்ஜ், அப்புறம் தடித்த கண்டன்சர். மேலும் கீழும் ஆடும் கரண்டை ஒரே பக்கமாகத் திருப்பி, மேடுபள்ளத்தை நிரவும் வேலை. ஃபாலோயரும் கிதார் அலையை அதே மாதிரி ஒரு பக்கமாகத் திருப்பி நிரவுகிறது. கிடைப்பது சத்தம் இல்லை, நீ எவ்வளவு அழுத்தி வாசிக்கிறாய் என்பதைச் சொல்லும் ஒரு வோல்டேஜ். மெல்லத் தொட்டால் ஒன்று, ஓங்கி அடித்தால் எட்டு.

இதில் ஒரு இழுபறி உண்டு. நன்றாக நிரவச் சொன்னால் ஆள் மந்தமாகிவிடுவார், நீ அடித்து முடித்த பிறகு "ஆமா" வரும். சுறுசுறுப்பாக்கினால் கம்பியின் அதிர்வே அந்த வோல்டேஜில் கரகரவென்று ஏறிவிடும், அது ஆட்டிவைக்கும் ஃபில்டர் (ஒலியில் சில அலைகளை வெட்டும் மாட்யூல், பிறகு சொல்கிறேன்) உறுமும். கனத்த ஈ கம்பியில் இது மோசம். அதன் ஒரு அதிர்வுக்கே 12 மில்லிசெகண்ட் ஆகிறதே. காதால் கேட்டு நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டியதுதான். எனக்கு அந்த உறுமல் சில பாட்டில் பிடிக்கும்.

அப்புறம் நான் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்த விஷயம் ஒன்று. நீ ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலின் பைத்தியம் என்பதால் இது உனக்குத்தான். ஃபஸ்ஸோ கம்ப்ரஸரோ போட்ட சத்தத்தை ஃபாலோயருக்குக் கொடுக்காதே. அவை மெல்லியதையும் பலத்ததையும் ஒரே மட்டமாக்கிவிடும், ஆமா போடுபவருக்கு ஏற்ற இறக்கமே தெரியாது. ஆனால் ஃபில்டருக்கு ஃபஸ் வேண்டும். சுத்தமான கிதாரில் மேல் அலைகள் சீக்கிரம் அடங்கிவிடுவதால் ஃபில்டர் வெட்டி எடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆக, கிதாரின் சத்தத்தை இரண்டாகப் பிரி. சுத்தமானது ஃபாலோயருக்கு, கரகரப்பானது ஃபில்டருக்கு. இந்த ஒரே ஒரு வயர் மாற்றத்தில் என் பெட்டி அன்றைக்குத்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றியது.

ஃபில்டர் என்றால் என்ன என்று நீ கேட்டபோது சரியாகச் சொல்லவில்லை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை நினைத்துக்கொள். தட்டுகிற விரல் ஒன்றுதான், ஒவ்வொரு தூணுக்கும் சத்தம் வேறு. விரலில் இருந்து வருவது வெறும் தட்டல், அதில் எதைப் பாட வைப்பது என்பதைக் கல்லின் உடம்பு தீர்மானிக்கிறது. ஃபில்டர் அப்படி ஒரு உடம்பு. ஒரே வித்தியாசம், இந்தத் தூணை வாசிக்கும்போதே வோல்டேஜால் நீட்டவும் குறுக்கவும் முடியும். மேல் அலைகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றை எடுத்து, வெட்டும் இடத்தை எடுப்பாக்கும் ரெசொனன்ஸைப் பாதிக்கு மேல் வைத்து, ஃபாலோயர் வோல்டேஜை அதன் கட்-ஆஃபில், அதாவது வெட்டும் இடத்தை நகர்த்தும் உள்ளீட்டில், கொடு. ஓங்கி அடித்தால் வாய் திறக்கும், மெல்ல அடித்தால் மூடும். அதே வோல்டேஜைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தால் ஓங்கி அடிக்கும்போது மூடிக்கொண்டு, சத்தம் அடங்க அடங்கத் திறக்கும். இது பெடல் கடையில் கிடைக்கிற வழக்கமான வாவ் சத்தம் இல்லை. திருப்பிக் கொடுக்க அட்டெனுவெர்ட்டர் என்ற சின்ன மாட்யூல் ஒன்று போதும். யாரும் ஆசையாக வாங்காத சாமான், ஆனால் எனக்கு அதில்லாமல் ஒரு நாளும் ஓடாது.

கேட் பற்றிச் சுருக்கமாக. சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் வோல்டேஜ் வரும், தாண்டாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேட்டால், ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் ஏடிஎஸ்ஆர் ஒன்றைக் கிளப்பி, அதன் ஏற்றத்தை அரை செகண்டாக வைத்து, சத்த அளவை வோல்டேஜால் கூட்டிக் குறைக்கும் விசிஏ-வைத் திறக்கச் சொல். கம்பியைச் சுண்டிய சத்தம் காணாமல் போய், ஒலி எங்கிருந்தோ மெல்ல ஏறி வரும், வயலினில் வில் போட்ட மாதிரி. கம்பி அடங்கும் நேரத்தில் கேட் படபடவென்று அடித்துக்கொள்ளும், அளவைக் கொஞ்சம் மாற்றி வைத்துப் பார். விசிஏ இரண்டு வேண்டும். ஒன்று போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள், நீயும் நினைப்பாய், பிறகு இன்னொன்று வாங்குவாய்.

ரிங் மாடுலேட்டர் ஒன்று பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 220 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தையும் 100 ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரையும் அதில் விட்டால் 320-ம் 120-ம் வெளியே வரும், கூட்டலும் கழித்தலும். சுரத்துக்கு ஒட்டாத அந்த இரண்டும் சேர்ந்து உடைந்த கோயில் மணி மாதிரி ஒலிக்கும். உன் பட்டியலில் இருக்கும் ஆஸிலேட்டருக்கு அப்போதுதான் வேலை.

"நான் வாசிக்கிற சுரத்தையே சின்தசைசரும் வாசிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அதைத் தள்ளி வை. ஒரு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) ஒரு வோல்ட் என்ற கணக்கில் சுரத்தை வோல்டேஜாக மாற்றும் மாட்யூல்கள் இருக்கின்றன. ஆனால் சுரம் என்ன என்று அவை தெரிந்துகொள்ளவே ஒன்றிரண்டு அதிர்வு போக வேண்டும். கனத்த ஈ-யில் அது காதுக்குத் தெரியும் தாமதம். பல கம்பியை ஒன்றாக மீட்டும் கார்டு போட்டால் எந்தக் கம்பியைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும். நீயோ கார்டு வாசிப்பவன்.

இனி கரண்டு. இதைத்தான் கவனமாகப் படி. பெட்டிக்கு பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் சப்ளை. ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கும் என்று அதன் தாளில் இருக்கும். கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு மிச்சம் வைத்து சப்ளை வாங்கு. மாட்யூலை போர்டில் இணைக்கும் பட்டை வயரில் ஒரு ஓரம் சிவப்புக் கோடு இருக்கும். அந்தப் பக்கம் மைனஸ் 12. நான் ஒரு ராத்திரி, கரண்டு போய்த் திரும்பி வந்த அவசரத்தில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைத் தலைகீழாகச் செருகினேன். புஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் மிளகாய் கருகின மாதிரி ஒரு நாற்றம். இரண்டு மாதச் சேமிப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது, சிவப்புக் கோடு என் கண் முன்னாலேயே இருந்தது. ஆகவே செருகிவிட்டு, சுவிட்சைத் தட்டுமுன் இன்னொரு முறை பார். இருட்டில் செய்யாதே. எர்த் பின் உள்ள பிளக் பாயிண்டில்தான் போடு. உன் அறையில் இருப்பது எர்த் வயர் இல்லாத வெறும் ஓட்டை என்று எனக்குத் தெரியும், எலக்ட்ரீசியனைக் கூப்பிடு.

மரப் பெட்டியை நீ வாங்க வேண்டாம், நான் செய்து தருகிறேன். மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தை 5.08 மில்லிமீட்டர் கொண்ட எச்பி கணக்கில் எண்ணுவார்கள். 84 எச்பி என்றால் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். மேலே சொன்னவை எல்லாம் போட்டும் கொஞ்சம் இடம் மிஞ்சும். பழைய கதவுப் பலகை ஒன்று பரணில் கிடக்கிறது, தேக்கு.

வெளியே போகும் வழியையும் யோசி. 10 வோல்டை அப்படியே கிதார் ஆம்ப்பில் விட்டால் அது கதறும். கடைசியில் அளவைக் குறைக்கும் அவுட்புட் மாட்யூல் ஒன்று வைத்து, பிள்ளைகளின் கீபோர்டு ஆம்ப்பிலோ மிக்ஸரிலோ விடு.

இத்தனையும் படித்துவிட்டு உடனே வாங்கப் போகாதே. விசிவி ராக் என்று லேப்டாப்பில் ஓடும் மாடுலர் இருக்கிறது, 2017-ல் வந்தது, அடிப்படைப் பதிப்பு இலவசம். கிதார் செருக, பிக்கப்புக்கு ஏற்ற ஹை-இசட் உள்ளீடு உள்ள சவுண்ட் கார்டு உன்னிடம் இருக்கிறது. அதன் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 256 சாம்பிளில் வைத்தால், செகண்டுக்கு 48,000 சாம்பிள் ரேட்டில் அந்தப் பஃபரின் தாமதம் 5 மில்லிசெகண்ட் சொச்சம்தான், மொத்தத் தாமதம் இன்னும் கொஞ்சம் கூடும் என்றாலும் வாசிக்க முடியும். ஃபாலோயர், ஃபில்டர், விசிஏ, ஏடிஎஸ்ஆர் மட்டும் போட்டு ஒரு மாதம் வாசி. ஆஸிலேட்டர் பக்கம் கை போனால் எடுத்துவிடு.

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகும் ஆசை போகாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வா. உன் கிதாரை என் பெட்டியில் செருகிப் பார்ப்போம். முதலில் கம்பி மாற்றிக்கொண்டு வா, போன தடவை ஈ கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. 3.5 மில்லிமீட்டர் மோனோ வயர் நாலும் வாங்கிக்கொள். ஸ்டீரியோ வாங்கி வந்துவிடாதே. பெட்டிக்கான பலகையை அளந்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா