அண்ணைக்கு, மேடையில் நீங்கள் சொன்னதற்கு என் பதில்

அன்புள்ள அண்ணைக்கு,

2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட செய்தியாளர் நிமலராஜன் அண்ணையின் 25ஆவது நினைவு நாளில் நீங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். "எழுத வந்த பிள்ளையள் எல்லாம் கொம்பனியளுக்கு அறிக்கை எழுதப் போயிட்டுதுகள்" என்று சொன்னபோது, உங்கள் பத்திரிகையை விட்டுக் கொம்பனி வேலைக்குப் போன என் பக்கம் நீங்கள் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், ஆகவே நானும் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். பெயர்கள் எழுதமாட்டேன். உங்களுடையதோ, பத்திரிகையினதோ, எனக்கு இப்போது சம்பளம் தரும் நிறுவனத்தினதோ இதில் வராது. வாசிக்கிற பாதிப் பேருக்கு யாரென்று விளங்கும். விளங்கட்டும்.

நான் பயந்துபோய் விலகினேன் என்று சிலர் எனக்காகச் சொல்லி வருகிறார்கள். கேட்க மரியாதையான காரணம்தான். 2011 ஜூலையில் செய்தி ஆசிரியர் குகநாதன் அண்ணையை வீட்டுக்குப் போகிற வழியில் இரும்புக் கம்பிகளால் அடித்துப் போட்டபோது அம்மா அடுப்பு மூட்டாமல் அழுதுகொண்டிருந்தா. அடுத்த நாளும் நான் வேலைக்கு வந்தேன், உங்களுக்குத் தெரியும். நான் போனது சம்பளத்துக்காக. அதைப் பயம் என்று சொல்லி, நிமலராஜன் அண்ணைக்குப் பின்னால் ஒளித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரடங்கு நேரத்தில், சுற்றிவர இராணுவக் காவல் இருந்த இடத்தில், தன் வீட்டுக்குள் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட மனிதர் அவர். அவருடைய சாவை என் பதவி விலகலுக்குக் காரணமாகக் காட்டக் கூடாது.

புது வேலையின் முதல் நாள், ஓய்வுக்காலத்துக்கென்று மாதாமாதம் கட்டுகிற ஊழியர் சேமலாப நிதியின் படிவம் தந்தார்கள். என் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் போடுவது 12 வீதம். படிவத்தை நிரப்பிய பிள்ளை, "முந்தின வேலையின்ர அங்கத்துவ இலக்கம் என்ன அக்கா?" என்று கேட்டது. இல்லை என்றேன், பத்திரிகையில் எங்களுக்கு அது கட்டப்படவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் வேலை செய்யேல்லையா?" என்றது. அந்தப் பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்டது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று உங்களில் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் அண்ணை, கோபம் வரும்போதெல்லாம் அந்தச் சாரம் கட்டிய ஐயா வந்து குறுக்கே நிற்கிறார்.

2006 கடைசி. ஓகஸ்ட் 11ஆம் திகதி, யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகச் சாமான் வருகிற ஏ9 பாதை அடைபட்டதோடு பத்திரிகைத் தாளும் வராமல் போய், பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஊரடங்குக்கு முன் நான் வீடு போய்ச் சேரவேண்டும் என்று நீங்கள் என் செய்திகளை முதலில் பார்த்து அனுப்பிவிடுவீர்கள். அன்றும் நான் சைக்கிளை எடுக்கத்தான் கீழே வந்தேன். கவுண்டரில் அவர் நின்றார். சொப்பிங் பைக்குள் ஒரு படம். ஏஎல் சோதனை நேரம் ஸ்ரூடியோவில் எடுத்ததாக இருக்கவேண்டும், பள்ளிக்கூட ரை கட்டிய பெடியன்.

கவுண்டரில் இருந்த தம்பி அவருக்கு மரண அறிவித்தல் படிவத்தைக் கொடுத்துவிட்டான். அங்கே இருந்தது அந்த ஒரு படிவம்தான். ஐயா பெயரை எழுதினார். பிறந்த இடம் எழுதினார். வதிவிடம் எழுதினார். 'காலமான திகதி' என்ற கோட்டுக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டார்.

"இது செத்த ஆக்களுக்குத் தம்பி. என்ர பிள்ளையைக் கொண்டு போனவங்கள். அவன் இருக்கிறான்."

நீங்கள் எப்போது படியிறங்கி வந்தீர்களோ தெரியாது. அந்தப் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து உங்கள் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தீர்கள். ஏன் கிழித்துப் போடவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பெடியன்ர பெயர் கிடந்தது பிள்ளை" என்றீர்கள்.

அவர் மடியிலிருந்து காசை எடுத்தார். நீங்கள் வாங்கவில்லை. மேலே போய், முதல் பக்கத்தின் அடியில் இருந்த விளம்பரத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் படத்தைப் போடச் சொன்னீர்கள். அந்த வாரம் பணம் தரக்கூடிய விளம்பரம் அது ஒன்றுதான். விளம்பரப் பகுதியில் இருந்தவர் கத்தினார். "இந்தக் காசு வராட்டிச் சம்பளம் என்னெண்டு குடுக்கிறது?" என்றார். "அதைப் பிறகு பார்ப்பம்" என்றீர்கள்.

அந்தப் 'பிறகு' எங்கள் தலையில்தான் வந்து விழுந்தது. அந்த மாதம் பாதிச் சம்பளம். அம்மாவின் இன்சுலினுக்குக் கடன் வாங்கினேன். மருந்தே கிடைக்காத நாட்களில் அதைத் தேடிப்பிடிக்கவும் காசு வேண்டியிருந்தது. உங்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உங்கள் கைக்காசைத் தந்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாதா?

படத்தைப் போட்டது சரி. இன்றைக்கும் சொல்வேன், அதைவிடச் சரியான காரியத்தை நான் எந்த அலுவலகத்திலும் காணவில்லை. ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர்களை ஒருநாளும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டினி கிடப்பதும் தொழிலின் ஒரு பகுதி என்றே நினைத்தீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொல்லியிருந்தால் "இரு, பார்ப்பம்" என்றிருப்பீர்கள். நானும் இருந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

நான் எழுதுவது என்ன என்று கேட்டால், கிளை திறப்பு, புலமைப்பரிசில், மரநடுகை. சிலது உண்மையிலேயே நல்ல காரியம், சிலது படம் எடுப்பதற்காக மட்டும் நடப்பது. எது எது என்று எனக்குத் தெரியும். பொய்யை எழுதச் சொன்னால் எழுதமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மாலையில் அறிக்கையை அனுப்புகிறேன், காலையில் ஒரு எழுத்தும் மாறாமல் 'நமது நிருபர்' என்று தலைப்பின் கீழே போட்டு வருகிறது. ஒருமுறை, மேலதிக விபரங்களுக்கு என்று அடியில் போட்டிருந்த என் தொலைபேசி இலக்கமும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. எந்தப் பத்திரிகை என்று சொல்லமாட்டேன். கொம்பனிக்கு அறிக்கை எழுதுகிறவளை மேடையில் பேசினீர்கள். அதைச் செய்தி என்று போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வசனம் பேசியிருக்கலாம். அப்படிப் போடுகிற அந்தத் தம்பியிலும் எனக்குக் கோபமில்லை. செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற பிள்ளை, ஒரு நாளில் நாலு இடத்துக்கு ஓடுகிற பிள்ளை, எதைத்தான் திருத்தி எழுதுவது?

இன்னொன்று, இதைக் கவனமாக எழுதவேண்டியிருக்கிறது. ஒரு வருடம் எங்கள் கொம்பனியைப் பற்றி ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. உண்மையான செய்தி. அந்தப் பத்திரிகைக்கு விளம்பரத்தை நிறுத்தவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. விளம்பரம் நிற்கவில்லை. அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத முடியாது. அன்று அந்த மேசையில் நான் வாய் திறந்தபோது உங்கள் குரல்தான் என்னிடமிருந்து வந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் என்னைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் வலித்தது.

உங்களுக்குக் கீழே இப்போது ஓடித்திரிகிற பிராந்தியச் செய்தியாளர்களில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் இருக்கிறது அண்ணை? நிர்வாகம் உங்கள் சொல்லைக் கேட்கும், என் சொல்லைக் கேட்காது. அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். பிறகு எந்த மேடையிலும் என்னைப் பற்றிப் பேசுங்கள், முன்வரிசையில் வந்து இருந்து கேட்கிறேன்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போராட்டத்தைத் தொடங்கியபோது லீவு போட்டுவிட்டுப் போனேன், செய்தி எடுக்க இல்லை. கொட்டிலுக்குள் கட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரை கட்டிய பெடியன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எங்கள் பெடியனை அடையாளம் பிடிக்க முடியவில்லை. ஐயாவையும் காணவில்லை. கவுண்டரில் வந்து நின்றபோதே அவருக்கு அறுபது இருக்கும்.

அவரைத் தேடிப் போவதென்று முடிவெடுத்திருக்கிறேன். இருந்தால் அவரோடு, இல்லாவிட்டால் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு இருந்து கேட்டு, என் பெயரிலேயே எழுதப்போகிறேன். அலுவலகத்தில் சொல்லியாயிற்று. எனக்கு ஊர் ஞாபகமில்லை, வடமராட்சிப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். அந்தப் படிவத்தை நீங்கள் எறிந்திருக்கமாட்டீர்கள். வதிவிடம் என்ற கோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகலாம், காலை ஆறு மணிக்கு வாகனத்தோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
தங்கச்சி