என் ஊர் எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிமாநிலத் தமிழர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எங்கே பிழைத்தாலும் வீடு என்பது சொந்த ஊரில்தான் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். மிக்க நன்றி. தில்லியிலேயே பிறந்து, அறுபதைத் தாண்டிய எனக்கு, இத்தனை காலமும் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. நேதாஜி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். மறுசீரமைப்பு என்று அதை இடித்துவிட்டார்கள். பக்கத்து நௌரோஜி நகரில் இன்று வணிகக் கோபுரங்கள் நிற்கின்றன. சரி, சொந்த ஊர் வீடு? மன்னார்குடிப் பக்கம் ஒன்று இருந்தது. பங்காளிகள் விற்றார்கள். அப்பாவின் பங்குக்கு ஒரு பித்தளை அண்டா வந்தது. அங்கே போனால் உட்காருவதற்கு முன்பே, "திரும்ப எப்போது ரயில்?" என்று கேட்பார்கள். இங்கே நான் மதராசி. வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதத்துக்கு. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

என் கதை கிடக்கட்டும். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி உண்டா? வடிகாலை மறிக்கிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத்தான் தில்லியின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி என்றார்கள். கட்டுரையில் மலை மந்திர் முருகன் கோயில் படம் மட்டும் அரைப் பக்கம். தில்லித் தமிழன் என்றாலே உங்களுக்கு அந்தக் கோபுரம்தான். முருகனிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அந்தக் கேம்ப்காரர். பட்டியலில் அவர் பெயர் இல்லை. இடிப்பதற்கு முந்தைய நாள் மகனும் அவருமாக ஒரு அம்மியைத் தூக்கிவந்து என் பால்கனியில் இறக்கினார்கள். மாமியார் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தது. நடுவில் குழிந்து, ஓரத்தில் மஞ்சள் ஏறிய கல். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். புல்டோசர் வருகிறது என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. இப்போது வேறொரு இடத்தில் ஒற்றை அறையில் ஐந்து பேர். மாடி வீடு, அம்மி வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. அதை அந்த அம்மாளிடம் சொன்னேன். "எந்த ஊருக்கும்மா? என் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பஸ் போர்டு படிக்கத் தெரியாதே" என்றார். பிள்ளைகளைப் பெற்றது இங்கே, மாமியாரைக் கொண்டுபோய் எரித்தது இங்கே, ஓட்டுப் போட்டது இங்கே. இவரைத்தான் உங்கள் கட்டுரையாளர் பிழைக்கப் போனவர் என்கிறார்.

கட்டுரையாளரைத் தில்லிக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் இதழே கரோல்பாக் கடைக்கு வந்து சேர நாலு நாள் ஆகிறது. ஆள் வர எவ்வளவு ஆகுமோ. எனது கோரிக்கை சிறியது. போன வருடம் என் கடிதத்தை வெளியிட்டபோது, கீழே மன்னார்குடி என்று அச்சிட்டிருந்தீர்கள். கடிதத்தில் பேச்சுவாக்கில் அந்த ஊரைக் குறிப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான். உறையின் மேல் தில்லி முகவரி தெளிவாகவே இருந்தது. இந்தக் கடிதம் பிரசுரத்துக்கு உரியது என்று தாங்கள் கருதினால், கீழே உள்ள முகவரியைத் திருத்தாமல் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஜங்புரா, புது தில்லி