சண்டைக்காரிக்கு, வாய் தைக்கப்பட்டவள் எழுதுவது

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன். மூன்றாவதில் "கோபமா இருந்தா இருந்துக்கோ, எனக்கென்ன" என்று முடித்திருக்கிறாய். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை தாயே. வாயில் தையல் போட்டிருந்தார்கள். முதல் மூன்று நாள் அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னார், மீதி நாட்கள் என் சோம்பல், ஒத்துக்கொள்கிறேன். ஹாஸ்டல் எட்டாம் நம்பர் அறையில் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்று பந்தயம் கட்டி நாற்பதாவது நிமிடத்தில் தோற்றவள் நான்தான் என்பதை இப்போது ஞாபகப்படுத்தாதே. வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்தாகிவிட்டது.

விஷயம் இதுதான். ஈறில் அறுவை சிகிச்சை. மேல் இடது பக்கம் முடிந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது, இன்னொரு பக்கம் அடுத்த மாதம்.

உடனே "பல் வலின்னு நீ சொல்லவே இல்லையே" என்பாய். வலியே இல்லைடி. அதுதான் இதில் மோசம். பல் தேய்க்கும்போது நுரையில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். அழுத்தித் தேய்க்கிறேன் போல என்று நினைத்து பிரஷ்ஷை மாற்றினேன், பேஸ்ட்டை மாற்றினேன், இரத்தம் வருகிற இடத்தை மட்டும் தொடாமல் தேய்க்கப் பழகினேன். இதைக் கேட்டதும் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தொடாமல் விட்ட இடத்தில்தான் அழுக்கு சேர்ந்து, இறுகிக் காரையாகி, ஈறுக்கு அடியில் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

முதல் நாள் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். நுனியில் மில்லிமீட்டர் கோடுகள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு எத்தனை ஆழம் இறங்குகிறது என்று பார்த்து எண் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு, மூணு..." மூன்று வரை கவலை இல்லையாம். நானும் நிம்மதியாகப் படுத்திருந்தேன். கடைவாய்ப் பக்கம் போனதும் "ஆறு, ஏழு, ஆறு." மார்க் கூடக்கூட வயிற்றைக் கலக்கிய தேர்வு என் வாழ்க்கையிலேயே இது ஒன்றுதான். எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு கரைந்து இறங்கியிருந்தது தெரிந்தது. ஈறு போனால் போகிறது, பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது எலும்பு இல்லையா, அது தேய்ந்துவிட்டால் சொத்தையே இல்லாத பல்கூட ஆடி விழுந்துவிடும்.

எடுத்தவுடன் கத்தி வைக்கவில்லை. முதலில் ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். பல இடங்களில் ஐந்தும் ஆறும் இறங்கி மூன்று, நான்குக்கு வந்திருந்தன. கடைவாய்ப் பற்கள் மட்டும் அசையவில்லை. அத்தனை ஆழத்தில் கண்ணால் பார்க்காமல் சுத்தம் செய்ய முடியாது, ஈறைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் எங்கே வந்தது? இப்படி ஈறைத் திறந்து செய்கிற ஃப்ளாப் சர்ஜரியின் சரித்திரமே படித்தேன். 1918-இல் ஸ்வீடன்காரர் விட்மன் எழுதிவைத்த முறையாம், 1974-இல் அதைத் திருத்தி ஈறை முன்னைவிடக் குறைவாக விலக்கிச் செய்கிற மாதிரி ஆக்கினார்களாம். மறுநாள் இதை டாக்டரிடம் ஒப்பித்தேன். "நல்லது, பல் இடுக்கில் பிரஷ் விடுவதைப் பற்றியும் படியுங்கள்" என்றார்.

தயாராவது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கேள்விகள்தான் அதிகம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, ஒன்றுக்கொன்று முடிச்சு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, எடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு என்று இரண்டு முறை சொன்னார். என்னென்ன மாத்திரை என்று பட்டியல் எழுதும்போது உன் ஞாபகம் வந்தது. நீ பிரஷருக்குப் போடுவது அம்லோடிபின்தானே? சிலருக்கு அது ஈறைத் தடிக்க வைக்குமாம். உடனே தூக்கிப் போட்டுவிடாதே, உன்னைத் தெரியும். பல் டாக்டரிடமும் அதைக் கொடுத்தவரிடமும் சொல், போதும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். அறுவை சிகிச்சையாயிற்றே என்று வெறும் வயிற்றோடு போய் நின்றேன். மரப்பு ஊசி மட்டும்தான், மயக்கம் கிடையாது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. செத்தேன் என்று நினைத்தேன். மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் செய்கிற வேலை, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் என்றார், அடங்கியது. அதற்குப் பிறகு வலி என்று எதுவும் இல்லை. சத்தம்தான். வேரைச் சுரண்டுகிற சத்தம் காதால் கேட்பதில்லைடி, மண்டை எலும்பு வழியாக உள்ளேயே கேட்கிறது. தைக்கும்போது நூல் மரத்துப்போகாத கீழ் உதட்டின் மேல் இழைந்து போனது, பூச்சி ஊர்வது மாதிரி கூசியது, சிரித்துவிடுவேனோ என்று பயம். நடுவில் டாக்டர் ஒரு பஞ்சுத்துணியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். அதில் கறுப்பாக, உடைந்த கடுகு அளவில் இரண்டு மூன்று துணுக்குகள். ஈறுக்கு வெளியே படிகிற காரை மஞ்சளாக இருக்கும், உள்ளே இருப்பது இரத்தம் ஊறி ஊறி இப்படி ஆகிவிடுமாம். இத்தனை வருடமாக இதை வாயில் வைத்துக்கொண்டா ஊருக்கெல்லாம் அறிவுரை சொன்னேன் என்று இருந்தது.

தையலுக்கு மேல் ரோஸ் நிறத்தில் பசை மாதிரி ஒன்றை அப்பி அனுப்பினார்கள். முதல் நாள் துப்பக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது, இரண்டாலும் காயத்தில் உறைந்த இரத்தம் கிளம்பிவிடும். வாயில் ஊறியதைத் தலையைக் குனிந்து தானாக வழியவிட வேண்டும். அந்தக் காட்சியை என் மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள், கேட்டால் அனுப்பமாட்டேன். எச்சிலில் கலந்து வருவதால் கொஞ்சம் இரத்தம்கூடக் கொட்டுகிற மாதிரித் தெரியும், பயப்படாதே. கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்து. தலைக்கு இரண்டு தலையணை. மரப்பு விடுவதற்குள் முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட்டேன், அது புத்திசாலித்தனம்.

முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் வீக்கம் ஜாஸ்தி. இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் இடது கன்னத்தில் நம் வார்டன் அம்மா. ஏதோ கெட்டுவிட்டது என்று அழாக்குறையாகப் போன் செய்தேன். நாளையிலிருந்து வடியும், வடியாமல் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள் என்றார்கள். வடிந்தது. நான்காம் நாள் ரோஸ் பசையில் ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது, மறுபடி போன். வலி இல்லை, இரத்தம் இல்லை என்றால் அப்படியே விடுங்கள் என்று இந்த முறை கொஞ்சம் அலுப்போடு சொன்னார்கள்.

சாப்பாடு பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே. எல்லாம் கூழ், எல்லாம் ஆறியது, எல்லாம் வலது பக்கம். போதாக்குறைக்கு வாய் கொப்பளிக்க ஒரு மருந்து, குளோர்ஹெக்சிடின், காலையும் இரவும். அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது என்பதால் இதுதான் காவல். நாக்கில் ருசியே செத்துவிட்டது, டீ குடித்தால் வெந்நீர். பல்லெல்லாம் பழுப்புக் கறை வேறு, பிறகு சுத்தம் செய்தால் போய்விடுமாம்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு விஷயம் உன்னிடம்தான் சொல்ல முடியும். கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். வீங்கியிருந்த ஈறு சுருங்கியதும் பற்கள் நீளமாகத் தெரிகின்றன, இடையில் கறுப்பாக முக்கோண இடைவெளி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. கடைவாய்ப் பக்கம்தான், யாருக்கும் தெரியாது என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியுமே. அப்புறம், இது முடிந்த கதையும் இல்லை. தேய்ந்த எலும்பு பழையபடி முழுசாக வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்து அளந்துகொள்ள வேண்டும், தினமும் ராத்திரி அந்த இடைவெளிகளில் குட்டி பிரஷ் விட வேண்டும்.

இத்தனையும் எழுதியது அனுதாபத்துக்கு இல்லை. போன வருடம் பார்த்தபோது நீ ஆப்பிள் கடித்தாயே, வெள்ளைச் சதையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்ததே. "லிப்ஸ்டிக்" என்றாய், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நம் தோழி மைனா எடுத்த படத்தில் அந்த ஆப்பிள் உன் கையில் இருக்கிறது. நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். நீ லிப்ஸ்டிக் போடுவதே இல்லை.

வலிக்கவில்லை, ஆடவில்லை, வேலை இருக்கிறது, எல்லாக் காரணமும் எனக்குத் தெரியும், நானும் இதைத்தான் சொன்னேன். ஒரு அரைமணி நேரம் போய் அளந்துவிட்டு வா. எல்லாம் மூன்றுக்குள் இருந்தால் வாழ்நாள் முழுக்க என்னைக் கிண்டல் செய். நாலு, ஐந்து என்றால் இப்போதே சுத்தம் செய்வதோடு முடியலாம். ஆறு, ஏழு என்று சொன்னாலும் பயப்படாதே, மருந்து, ஒத்தடம், அழுகை எல்லாவற்றுக்கும் நான் துணை.

மற்றபடி எல்லோரும் நலம். மைனா மகளுக்குத் தேதி குறித்தாயிற்று, உனக்கும் சொல்லியிருப்பாள். நீ கேட்ட புத்தகம் இன்னும் அந்த மகாராணி வீட்டில்தான் இருக்கிறது, கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள்.

போய் வந்ததும் எண்களை எழுதி அனுப்பு. குரல் செய்தி வேண்டாம், உன் திட்டு நடுவில் எண் காதில் விழாது.

உன்,
எட்டாம் நம்பர் அறை

பி.கு.: இரண்டு நாள் முழுசாகப் பேசாமல் இருந்திருக்கிறேன், வீட்டில் சாட்சி உண்டு. அந்தப் பந்தயப் பணத்தைத் திருப்பிக் கொடு.