சூடாமணி விகாரத்துக்கு கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சோழர் காலத்துல நாகப்பட்டினத்துல இருந்து இப்ப இல்லாமப் போன பௌத்த மடம் சூடாமணி விகாரத்தோட த்ரீடி மாடல் ஒருவழியா முடிஞ்சு, ஊருக்கு வர்றவங்க போன்ல திறந்து உள்ள நடந்து பாக்குற அளவுக்கு வந்துருச்சு. உதவினவங்க பாதிப் பேரு பேர் போட வேணாம்னுட்டாங்க, அதனால அவங்கவங்க செஞ்சதை வெச்சே சொல்றேன், படிச்சா உங்களுக்கே தெரியும்.

முதல்ல செப்பேட்டை வரி வரியா வாசிச்சுக் காட்டின தமிழ் ஐயா. ஆனைமங்கலம் செப்பேடு, நெதர்லாந்துல இருக்குற லெய்டன் போய்ச் சேர்ந்ததால லெய்டன் செப்பேடுன்னும் சொல்வாங்க, மொத்தம் 21 ஏடு. அதோட சம்ஸ்கிருதப் பகுதி விகாரத்தோட உயரம் மேரு மலையையே சிறுசாக்குச்சுன்னு பாடுது, "அது புகழ்ச்சிப்பா, அளவுன்னு எடுத்துக்காத"ன்னு ஐயா அன்னைக்கே சொல்லிட்டாரு. ராஜராஜன் 1006 வாக்குல ஆனைமங்கலம் ஊரை இந்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமா, அதாவது மடத்துக்கான தானமா விட்டப்ப, கடாரத்து (இப்ப மலேசியாவுல இருக்குற கெடா) அரசன் கட்டின அந்த விகாரம் இன்னும் எழும்பிட்டுதான் இருந்துச்சுன்னு புரிய வெச்சதும் அவருதான், மாடல்ல ஒரு பக்கம் சாரம் கட்டியிருக்கே, அது அதனாலதான்.

அப்புறம் எங்க கொத்தனார் அண்ணன். 1846ல வால்டர் எலியட்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி நாகப்பட்டினத்துல பாத்த மூணு நிலைச் செங்கல் கோபுரம், மாலுமிங்க கடல்லேர்ந்து அடையாளம் வெச்சுக்கிட்டது, 1867ல அரசாங்க அனுமதியோட இடிச்சே போட்டுட்டாங்க. சரி பண்ணவே முடியாத நிலையில இல்லன்னு எலியட்டே எழுதியிருக்காரு, அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. சாந்து இல்லாம செங்கல்லை நெருக்கி அடுக்கினதுன்னு அவர் எழுதினதை நாங்க படிச்சோமே ஒழிய எப்படின்னு தெரியல. அண்ணன் ரெண்டு செங்கல் எடுத்து தண்ணி தெளிச்சு ஒண்ணோட ஒண்ணு தேச்சாரு, செக்கச்செவேல்னு குழம்பு கையில வழிய வழிய தேச்சு, பொருத்திக் காட்டினப்ப நகம் கூட இடையில போகல. இப்படித்தான் செஞ்சிருக்கணும்னு அவர் கணிப்பு. மாடல்ல நீங்க பாக்குற சுவரு அவர் கைதான்.

எலியட் பாத்த கோபுரமும் விகாரமும் ஒண்ணான்னு கேப்பீங்க, அது உறுதியாத் தெரியல. வாங் தாயுவான்ங்கிற சீனப் பயணி இங்க ஒரு செங்கல் கோபுரம் பாத்ததா எழுதியிருக்காரு, அதுல இருந்த சீன எழுத்துப்படி அது முடிஞ்சது 1267ல. எலியட் பாத்தது அதுவா இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதனால கோபுரத்தைத் தனியா ஆஃப் பண்ற மாதிரி வெச்சிருக்கோம், இதுக்கு விடாப்பிடியா நின்ன தொல்லியல் படிச்ச அக்காவுக்கு பெரிய நன்றி. தெரிஞ்சது செங்கல் நிறம், ஊகம் எல்லாம் சாம்பல் நிறம்னு வெச்சதும் அவங்கதான். பாதி மாடல் சாம்பலா இருக்கே, அழகு கெட்டுப்போச்சேன்னு நிறைய பேர் சொன்னாங்க, எனக்கு அதுதான் மாடலோட உயிரே, வர்றவங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுல்ல.

சென்னை எழும்பூர் மியூசியத்துல மணிக்கணக்கா உக்காந்து நாகப்பட்டினம் புத்தர் வெண்கலங்களை வரைஞ்ச தங்கச்சி, தலை உச்சியில இருக்குற சுடரை எத்தனை பக்கத்துலேர்ந்து வரைஞ்சிருக்கும்மா நீ! 1856லேர்ந்து முந்நூத்தி அம்பது சிலை வாக்குல இந்த மண்ணுலேர்ந்து கிடைச்சிருக்கு, உள்ள மண்டபம் முழுக்க ஊகம்னாலும் அதுல உக்காந்திருக்குற புத்தர் ஊகம் இல்லன்னா அது உன்னாலதான்.

ஃபைபர் போட்ல கடலுக்குள்ள கூட்டிட்டுப் போன மீனவ அண்ணன்களுக்கும், டீசல் காசைக் கூட வாங்கிக்கல அவங்க. நாகூர் மினாரா எவ்வளவு தூரத்துல கண்ணுல படும், பனி மூட்டத்துல எப்படி மங்கும்னு காட்டினாங்க, அதை வெச்சுதான் கடல்லேர்ந்து கோபுரம் பாக்குற காட்சியே செஞ்சோம்.

பழைய போன்ல மாடல் திக்குது, தம்பிங்க ரெண்டு பேரு அதைத்தான் பாத்துட்டிருக்காங்க, அவங்களுக்கும் நன்றி. உங்க வீட்டுல அந்தக் கோபுரம் இருந்த பக்கத்துப் பழைய போட்டோ, பழைய செங்கல் ஏதாவது இருந்தா சொல்லுங்க, வந்து படம் மட்டும் எடுத்துக்கறோம்.